இறுகட்டும்னு விட்ட முட்டி

அந்தக் காலைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும். கட்டின புருஷன் கால், அப்படிச் சொல்லக் கூடாதுதான். ஆனால் முட்டி மடங்காமலிருக்க ஆஸ்பத்திரியில் மாட்டிவிட்ட பெல்ட், முட்டிக்கு மேலும் கீழும் இறுக்கிய இடமெல்லாம் தோல் செதில் செதிலாக உரிந்து மெத்தையில் கொட்டிக் கிடக்கும். புளித்த வியர்வை நாற்றம் வீடு முழுக்க. அரிப்பெடுத்தால் சமையல் கரண்டியின் காம்பை பெல்ட்டுக்குள் விட்டுச் சொறிந்துகொள்வார். சொறிந்த கரண்டியைக் கழுவாமல் பழைய இடத்திலேயே மாட்டியும் வைத்திருந்தார். சீ! அதைக் கண்ட அன்று எனக்குச் சோறே இறங்கவில்லை.

என் வீட்டுக்காரர் டைல்ஸ் மேஸ்திரி. கூட வேலை பார்க்கிறவர்கள், மட்டம் பார்க்கும் கருவியின் பேரால் 'ரசமட்டம்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் போட்ட தரையில் கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்திலேயே நிற்குமாம். அந்தப் பெருமைக்கு ஒன்றும் குறைச்சலில்லை. டைல்ஸ் பெட்டியோடு படி இறங்கும்போது கால் இடறி, படி விளிம்பில் மோதி, முட்டிச் சில்லு இரண்டாகப் பிளந்துவிட்டது. ஆபரேஷன் செய்து, இரண்டு கம்பிகளைச் செருகி, எட்டு வடிவில் ஒயரை முறுக்கிச் சேர்த்துக் கட்டினார் டாக்டர்.

"தையல் பிரிச்சாச்சு. இனிமே தினமும் பெல்ட்டைக் கழட்டி, கொஞ்சம் கொஞ்சமா மடக்கணும். வலிக்கத்தான் செய்யும். விட்டுடாதீங்க" என்றார். எப்படி மடக்குவது என்று பிசியோதெரபி பெண் செய்தும் காட்டினாள். இவர் நன்றாகத் தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் கதையே வேறு.

"அவங்களுக்கு என்ன தெரியும்? ஒட்டின டைல்ஸை ஈரத்துல மிதிச்சா நகந்துடும். ஆடாம அசையாம கிடந்தாத்தான் இறுகும்."

"கால் என்ன சிமெண்டா?"

"ஒட்டுறதுன்னா எல்லாம் ஒண்ணுதான்டி."

நான் காலைத் தொட்டாலே தெருவுக்கே கேட்கும்படி அலறுவார். உடனே மாமியார் ஓடி வருவார். "பச்சை எலும்பும்மா! உனக்கு ஈவிரக்கமே கிடையாதா?" பெற்றவரும் பிள்ளையும் ஒரு கட்சி. நான் தையல் கம்பெனியிலிருந்து திரும்பி வந்து "மடக்கினீங்களா?" என்று கேட்டால், "ஆச்சு, ஆச்சு" என்பார். பொய். காலையில் இறுக்கியிருந்த பெல்ட் அப்படியே இருக்கும். நடுவில் ஒருமுறை ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அதற்கும் போகவில்லை. மண்டி போட்டுச் செய்கிற வேலையைத் தவிர இந்த மனுஷனுக்கு வேறென்ன தெரியும்?

கடைசியில் இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அருமையா கூடியிருக்கே! உடைஞ்ச கோடுகூடத் தெரியல."

இவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

"எங்க, மடக்குங்க பாப்போம்."

பல்லைக் கடித்து முக்கினார். பாதம் கொஞ்சம் அசைந்தது, அவ்வளவுதான். டாக்டர் கை கொடுத்து அழுத்தியதும் கத்திவிட்டார்.

"தினமும் மடக்கலையா?"

"இறுகட்டும்னு விட்டுட்டேன் சார்."

டாக்டருக்கு முகம் சுருங்கிவிட்டது. "சில்லு ஒட்டிடுச்சு. சுத்தி இருக்கிற சதையும் சேர்ந்து ஒட்டிடுச்சு. இனி வலியோட வலியா தினமும் மடக்கணும். வழிக்கு வரலைன்னா மயக்க மருந்து குடுத்து நாங்க மடக்கணும். பழையபடி மண்டி போட முடியுமான்னு இப்பச் சொல்ல முடியாது."

திரும்பி வரும்போது ஆட்டோவின் பின்சீட்டில் கட்டை மாதிரி காலை நீட்டியிருந்தார். நாறும் பாதம் என் மடியில். பாதி வழியில் வாயைத் திறந்தார்.

"தரை வேலை போனாப் போகுது. சுவத்துக்கு ஒட்டிக்கிறேன். நின்னுக்கிட்டே பண்ணலாம்."

"கீழ் வரிசையை யார் ஒட்டுவா?"

கீழ் வரிசை நிற்காமல் மேல் வரிசை எதன்மேல் உட்காரும்? எனக்கே தெரிந்தது அவருக்குத் தெரியாதா? மூக்கு ஒழுக ஒழுக அழ ஆரம்பித்தார். எனக்கு அருவருப்பாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கட்டில் ஓரத்தில் உட்காரவைத்து, பெல்ட்டைக் கழற்றி, பிசியோதெரபி பெண் காட்டியபடி கணுக்காலைப் பிடித்து மெல்ல அழுத்தினேன். ஈரச் செதில் என் உள்ளங்கையெல்லாம் அப்பிக்கொண்டது. அலறினார். மாமியார் ஓடி வந்து என் தோளைப் பிடித்து இழுத்தார்.

"அம்மா, நீ வெளிய போ" என்றார் இவர். பிறகு கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நீ அழுத்துடி."