கிளாரா வரைந்த முதுகு

ஒரகடத்தில் கார் இருக்கை செய்யும் ஆலையொன்றில் வேலை பார்க்கும் லாசர், தன் மனைவி வரைந்த படத்தைத் தன் தலைக்கு மேலே மாட்டிய அன்று குனிந்தவன், ஷிஃப்ட் முடிந்த பிறகும் நிமிரவில்லை. படத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எப்படிக் குனிந்து போல்ட் முடுக்கினால் இடுப்பு வலிக்காது என்று ஆட்களுக்குக் காட்ட சூப்பர்வைசர் நரசிம்மனுக்கு ஒரு படம் தேவைப்பட்டது. தன் பெண்டாட்டி கான்வென்ட் பள்ளியில் டிராயிங் டீச்சர் என்று லாசர் பெருமையடித்துக்கொண்டான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

கிளாரா மனித உடம்பை வரையப் பழகியது பள்ளி ஆய்வுக்கூடத்து எலும்புக்கூட்டைப் பார்த்து. எந்த எலும்பு எதில் பொருந்தும், எந்தத் தசை எதை இழுக்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. பூசை முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை புருஷனைக் குனியவைத்து, "மூச்சுகூட வுடாதீங்க, தோள்பட்டை ஆடுது" என்று அதட்டி அதட்டி வரைந்தாள். முதுகெலும்பில் ஒரு கணு பிசகவில்லை. குனிந்தவன் மறுபடி நிமிரப்போகிறான் என்பதற்கான அடையாளம் மட்டும் அந்தப் படத்தில் எங்குமே இல்லை. அவள் அதைக் கற்றிருக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, எலும்பில் கோளாறில்லை என்றார்கள். ஆலையில் எல்லோருக்கும் சந்தோஷம். லாசர் கழுத்தைக்கூடத் திருப்பாமல் வேலை செய்தான். படத்தைக் கழற்றச் சொல்லிக் கிளாரா போய்க் கேட்டதற்கு நரசிம்மன், "ஆடிட்ல பாஸான படம்மா அது. அடுத்த ஆடிட் வரைக்கும் நான் கை வெக்க முடியாது" என்றார். அடுத்த ஆடிட்டிலும் அது பாஸானது. வேலையை விட்டுவிடலாம் என்றால், அந்த வளைவுக்குப் பொருந்துகிற வேலை உலகத்திலேயே அது ஒன்றுதான். லாசர் இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டான். நான்கு வயது மகள் ஜாய் தினமும் வாசலுக்கு ஓடிவந்து, தூக்கச் சொல்லிக் கைகளை நீட்டுவாள். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

கிளாரா வேறு படங்களை வரைந்து வீட்டுச் சுவரில் ஒட்டினாள். நிமிர்ந்து நிற்கும் லாசரை எலும்பு எலும்பாக வரைந்தபோது அவன் நிமிர்ந்தான், பீரோ மாதிரி. முழங்கால் மடங்கவில்லை, ஷேர் ஆட்டோவில் குறுக்கே கிடத்திக் கூட்டிப்போனார்கள், மற்ற பயணிகள் திட்டினார்கள். அதைக் கிழித்ததும் பழையபடி குனிந்தான். பிறகு அவள் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வாசலில் போய் உட்கார்ந்தாள். ரயிலிலிருந்து இறங்கி ஷேர் ஆட்டோவுக்குப் பாய்கிற ஜனம் யாருக்காகவும் நிற்பதில்லை. மூக்கை வரைவதற்குள் ஆள் போய்விடுவான். அதனால் குதிகாலிலிருந்து உச்சந்தலை வரை, பென்சிலை எடுக்காமல், ஒரே கோடாக இழுக்கப் பழகினாள். உடம்பு எதை நோக்கிப் போகிறது என்பது மட்டும் அந்தக் கோட்டில் இருந்தது. அப்படி லாசரை வரைந்தபோது அவனுடைய எலும்புகள் காணாமல் போயின. நனைந்த லுங்கி மாதிரி நாற்காலியில் தொங்கினான். "இது வாணாம் கிளாரா. நான் குனிஞ்சே இருந்துக்கிறேன்" என்றான். அந்தப் படத்தையும் கிழித்தாள்.

ஒரு சாயங்காலம் ஜாய் குனிந்த அப்பாவின் முன்னால் நின்று வழக்கம்போல் கைகளை நீட்டினாள். கிளாரா யோசிக்கவில்லை. முதலில் கோடு: லாசரின் குதிகாலில் கிளம்பி, இடுப்பில் திரும்பி, விரல்நுனி வழியாகக் குழந்தையிடம் போனது. கோடு போன போக்கிலேயே எலும்புகளை வைத்தாள். இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தது, தோள் எதிர்ப்பக்கம் ஏறியது. கடைசி விரலை முடித்தபோது லாசர் மகளைத் தலைக்கு மேலே தூக்கியிருந்தான். பிறகு அவளை இறக்கிவிட்டு, நடந்துபோய்த் தண்ணீர் குடித்தான். கிளாரா தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

மறுநாள் ஷிஃப்டில் குனிந்துவிட்டான். மாலையில் ஜாயைத் தூக்கியதும் நிமிர்ந்தான். அதுவே பழக்கமாயிற்று. கோடும் எலும்பும் அப்படிச் சேர்ந்த படம் கிளாராவுக்கு அதற்குப் பிறகு வாய்க்கவே இல்லை, இன்றுவரை முயன்றுகொண்டுதான் இருக்கிறாள். அரிசி மூட்டையைத் தூக்கிப் பார்த்தார்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளையைத் தூக்கிப் பார்த்தார்கள், நடக்கவில்லை. ஜாய்க்குக் காய்ச்சலென்றாலும் பரீட்சையென்றாலும் மாலையில் அப்பாவின் கைக்குள் போய் நின்றாக வேண்டும். பத்தாவது படிக்கும்போது வெட்கப்பட்டு, யாரும் பார்க்காமல் வாசல் கதவைச் சாத்திவிட்டு நின்றாள். பன்னிரண்டாவது முடித்ததும் திண்டிவனத்தில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்க இடம் கிடைத்தது. "நான் போவலப்பா" என்றாள்.

"நான் ஒருத்தன் மாட்டிக்கினது போதும்" என்றான் லாசர், தரையைப் பார்த்தபடி. "நீ போ. சனிக்கிழமை வந்தா போதும்."

இப்போது திங்கள் தொடங்கிச் சனி வரை அவன் குனிந்தே இருக்கிறான். அப்படியே சாப்பிடுகிறான், அப்படியே ஒருக்களித்துத் தூங்குகிறான். சனிக்கிழமை மாலை ஒரகடம் கூட்டுரோட்டில் வந்து நிற்கிறான். பஸ்ஸிலிருந்து பையோடு இறங்கும் ஜாய் நேராக அவன் கைக்குள் போய் நிற்கிறாள். வயதாகிவிட்டது அவனுக்கு. அவள் பாதம் தரையை விட்டு ஒரு சாண் எழும்பினாலே அதிகம்.

"எறக்குப்பா, எல்லாரும் பாக்கறாங்க."

"யாரும் பாக்கலம்மா" என்கிறான். உண்மையில் யாரும் பார்ப்பதில்லை. அவன் மகளை இறக்கி, நிமிர்ந்து வழிவிட்டதும் கண்டக்டர் விசில் கொடுக்கிறார், பஸ் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போகிறது.