இல்லையென்று சொல்லாத கடை

பாடசாலை மருத்துவப் பரிசோதனை நாளில் யதுர்ஷிகா தராசில் ஏறியதும், பொதுச் சுகாதாரத் தாதி பிரியந்தினிக்கு வயிறு குளிர்ந்துபோனது. ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் பதின்மூன்று வயதுப் பிள்ளையின் எடை. உயரத்தையும் அளந்து பார்த்தாள். அளவுக்கு மீறிய பருமன்தான், சந்தேகமே இல்லை. உடனே தாயைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும், கிளினிக்குக்கு அனுப்ப வேண்டும். அதுதான் அவளுடைய வேலை.

"நல்லாயிருக்கிறாய், பிள்ளை. போ," என்றாள்.

யதுர்ஷிகா, புதுக்குடியிருப்புச் சந்தைக்குப் பக்கத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் தில்லைநாதனின் பேத்தி. அந்த மனிதரைப் பிரியந்தினிக்குப் பதினைந்து வருடங்களாகத் தெரியும். அவருக்குத்தான் அவளைத் தெரியாது.

கடைசிச் சண்டைக் காலத்தில், சனமெல்லாம் ஒதுங்கிக் கிடந்த மாத்தளன் கடற்கரையில், ஒரு தறப்பாள் கொட்டிலுக்குள் அவர் கடை நடத்திக்கொண்டிருந்தார். பிரியந்தினியின் தம்பி கோகுலனுக்கு அப்போது இரண்டு வயது. தாய்க்குப் பால் வற்றிவிட்டது. கஞ்சித் தண்ணீரும் அவன் வயிற்றில் நிற்கவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்த பிரியந்தினி ஒரு சிரட்டையோடு போய், ஒரு கைப்பிடி பால்மா தாங்கோ என்று அழுதாள். முடிந்துவிட்டது என்றார். அவருடைய முதுகுக்குப் பின்னால் சாக்குக்குள் பால்மாப் பைகள் முட்டிக்கொண்டு நின்றன. அந்த வாரமே தம்பி போய்விட்டான். ஷெல் விழுந்து செத்திருந்தால் விதி என்று மனதை ஆற்றியிருப்பாள். இதை என்ன சொல்லி ஆற்றுவது?

அதனால்தான் இப்போது வாயை மூடிக்கொண்டாள். அதற்காகப் பெரிய பொய் எதுவும் சொல்லத் தேவையிருக்கவில்லை. பட்டினியைக் கண்ட சனம் அது. பிள்ளையின் விலா எலும்பு தெரிந்தால் தாய்க்கு ஊர் முழுக்க ஏச்சு விழும். கொழுகொழுவென்று இருந்தால் கன்னத்தில் கறுப்புப் பொட்டு வைத்துக் கண்ணூறு கழிப்பார்கள். கொழுத்தால் நோய் வருத்தம் வரும் என்று சொல்லப்போன தாதியை எரிச்சற்காரி என்று வாசலோடு அனுப்பிய வீடுகளும் உண்டு.

அதற்குப் பிறகு, வேண்டுமென்றே அந்தக் கடையில் சாமான் வாங்கத் தொடங்கினாள்.

"மிஸி, பேத்தி எப்பிடி?" என்று தில்லைநாதன் வாயெல்லாம் பல்லாகக் கேட்டார். கதிரையில் இருந்த யதுர்ஷிகாவின் ஒரு கையில் சோடா, மறு கையில் கிறீம் பிஸ்கற்.

"உங்கட கைராசி, ஐயா. குடுங்கோ, நல்லாக் குடுங்கோ."

அவர் மகிழ்ந்துபோய் இன்னொரு பைக்கற்றை உடைத்துக் கொடுத்தார். பிரியந்தினி வழியெல்லாம் சிரித்துக்கொண்டே ஸ்கூட்டி ஓட்டினாள். இருடா கிழவா, ஊசியும் குளிசையுமாகப் பேத்திக்குப் பின்னால் நீ அலைவதை நான் பார்க்கத்தான் போகிறேன். அப்படி நினைக்க அவளுக்கு இனித்தது. வெட்கமெல்லாம் வரவில்லை.

அடுத்த பள்ளித் தவணையில் தடுப்பூசி போடப் பாடசாலைக்குப் போனாள். வரிசையில் நின்ற யதுர்ஷிகாவின் கழுத்து இரத்தம் கசியத் தோலுரிந்து கிடந்தது.

"என்ன பிள்ளை இது?"

"அம்மா தேங்காய்த் தும்பு போட்டு உரஞ்சினவா, மிஸி. ஊத்தையாம். ஒவ்வொரு நாளும் உரஞ்சிறா, போகுதில்லை. பிள்ளையளும் ஊத்தைக் கழுத்தி எண்டு பழிக்கினம்."

அது ஊத்தை இல்லை. கழுத்து மடிப்பில் தடித்துப் படியும் அந்தக் கறுப்பு, சீனி வருத்தம் என்கிற நீரிழிவு படலையைத் தட்டுகிறது என்று உடம்பு காட்டும் அடையாளம். மருந்து தடவியபோது பிள்ளை எரிவு தாங்காமல் தலையைச் சரித்துக்கொண்டு, "நான் வடிவாக் குளிக்கிறனான், மிஸி," என்று விசும்பியது.

பிரியந்தினிக்கு நெஞ்சு வெந்துபோனது. யாருடைய தோலை அவள் உரித்துக்கொண்டிருக்கிறாள்? கிழவனின் தோல் கடையில் பத்திரமாக இருந்தது. அவளுடைய கோபம் தணியவில்லை. குறி தவறிப்போனது என்று மட்டும் விளங்கியது.

பாடசாலை விட்டதும் நேரே கடைக்குப் போனாள்.

"ஐயா, பேத்திக்குச் சீனி வருத்தம் வரப்போகுது. கழுத்தில இருக்கிறது ஊத்தையில்லை. சோடா, பிஸ்கற் எல்லாத்தையும் இண்டையோட நிப்பாட்டுங்கோ. பின்னேரத்தில ஓடி விளையாட விடுங்கோ. போன தவணையே சொல்லியிருக்கவேணும். வேணுமெண்டுதான் சொல்லாமல் விட்டனான்."

"வேணுமெண்டோ? ஏன் மிஸி?"

"மாத்தளனில சிரட்டையோட வந்து பால்மா கேட்டனான். பின்னால சாக்கில வச்சுக்கொண்டு முடிஞ்சுது எண்டு சொன்னனீங்கள். என்ர தம்பி செத்துப்போனான்."

பருப்பு அள்ளிக்கொண்டிருந்த அவருடைய கை நின்றது. அவளுடைய முகத்தை உற்றுப் பார்த்தார்.

"எத்தினை பிள்ளையள் வந்து கேட்டதுகள். ஒருத்தருக்கும் குடுக்கேல்லை. நீ ஆரெண்டு எனக்கு நினைவில்லை, பிள்ளை," என்றார். "அதுக்குப் பிறகு ஒரு குழந்தை கை நீட்டினா இல்லையெண்டு சொல்ல எனக்கு வாய் வருகுதில்லை."

நினைவுகூட இல்லை! கன்னத்தில் அறைந்திருந்தாலும் அவளுக்கு அவ்வளவு நொந்திருக்காது.

"உங்கட பாவத்தைப் பேத்தியின்ர வாயில தீத்தாதேங்கோ," என்றாள். "இல்லையெண்டு சொல்லிப் பழகினவர்தானே நீங்கள்? அவளுக்கும் சொல்லுங்கோ. அழுவாள். அழுறதைக் கேட்டுக்கொண்டு இருங்கோ."

"என்னை மன்னிச்சுப்போடு, பிள்ளை."

"மன்னிக்கமாட்டன். செவ்வாய்க்கிழமை பிள்ளையைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

செவ்வாய்க்கிழமை அவர் வந்தார். பிள்ளை பிஸ்கற் கேட்டு அழுது முகம் வீங்கியிருந்தது. அவர் முகமும் அப்படித்தான் இருந்தது. பிரியந்தினி யதுர்ஷிகாவுக்குக் கதிரை இழுத்துப் போட்டு, "இனி உன்ர கழுத்தை ஒருத்தரும் உரஞ்சமாட்டினம், அம்மாவிட்ட நான் சொல்லிப்போட்டன்," என்றாள். பக்கத்தில் இன்னொரு கதிரை சும்மா கிடந்தது. தில்லைநாதன் அதைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். அவள் அதன்மேல் தன்னுடைய கைப்பையை வைத்தாள்.