பிறைக்காரர்

ரமலானுக்கு முந்தைய ஷஅபான் மாதத்தின் இருபத்தொன்பதாம் நாள் மாலை, மொட்டை மாடிப் படியில் என் கணவர் காலால் தடவித் தடவி ஏறியதைப் பார்த்துக்கொண்டே நானும் பின்னால் ஏறினேன். வருஷக்கணக்காக ஏறி இறங்கிய படி. சின்ன வயசிலிருந்து பழக்கமான படியைத் தடவுகிற ஆளா அவர்?

பள்ளிக்கூட வேன் ஓட்டுவது அவர் தொழில். பிறை பார்ப்பது அவர் பைத்தியம். எங்கள் மாதம் பிறையில் பிறப்பது. இருபத்தொன்பதாம் நாள் சூரியன் இறங்கியதும் மேற்கே பிறை தெரிந்தால் அந்த இரவே புது மாதம். தெரியாவிட்டால் முப்பது நாளாகக் கணக்கை முடித்துக்கொள்வோம். மற்றவர்களுக்கு நோன்புக்கும் பெருநாளுக்கும்தான் பிறை ஞாபகம் வரும். இவர் ஒரு மாதம் விடாமல் மாடியேறுவார். தெருவே அவரைப் பிறைக்காரர் என்றுதான் கூப்பிடும். அவர் பார்த்தேன் என்று சொல்லிவிட்டால் பள்ளிவாசலில் மறுபேச்சு கிடையாது.

அந்தக் கண்ணில்தான் கோளாறு. எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியுமா என்பதுதான் தெரியவில்லை. எதிரில் வரும் வண்டியின் விளக்கு பூ மாதிரி விரிகிறது என்று ஒருநாள் வாய்விட்டுச் சொன்னார். பள்ளிக்கூட வாசல் தூணில் வேனின் பக்கக் கண்ணாடியை உரசிவிட்டு, "தூண்தான் தள்ளி நிக்குது" என்றார். கண் டாக்டரிடம் போகலாம் என்றால் மூக்குக்கு மேல் கோபம் வரும். அதற்குக் காரணமும் உண்டு. போன வருஷம் இன்னொரு டிரைவருக்குப் பார்வை மங்கியபோது, பள்ளிக்கூட நிர்வாகி அன்றைக்கே சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்.

அதனால் நான் ஒரு வேலை செய்தேன். பதினைந்து நாளாக வேனில் நானும் ஏறினேன். முன்சீட்டில் உட்காரும் எங்கள் மகளைப் பின்னால் அனுப்பிவிட்டு அந்த இடத்தில் நான். கேட்டவர்களிடம், "சும்மா வீட்ல உக்காந்து என்ன பண்ண? பிள்ளைங்கள ஏத்தி இறக்கலாமேன்னு வர்றேன்" என்றேன்.

"மேடு வருது."

"தெரியுது."

"சைக்கிள்காரர் குறுக்க ஒடிக்கிறார் பாருங்க."

"நீ என்ன, கண்டக்டரா?" என்பார். ஆனாலும் பிரேக்கில் கால் வைப்பார். பின்னால் பிள்ளைகள் பாட்டும் கூத்துமாக வருவார்கள். நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வருவேன். வீடு திரும்பினால் கழுத்து வலிக்கும்.

மாடியில் பக்கத்து வீட்டுத் தையல்காரரும் இருந்தார். மேற்கே ஒரே புழுதி மூட்டம். சூரியன் அதற்குள் எப்போது இறங்கியது என்றே தெரியவில்லை. தையல்காரர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார்.

"ஒண்ணும் காணோம். பிறைக்காரரே, உங்க கண்ணுக்காச்சும் ஆப்புடுதா?"

அதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. எதிர் மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு வலப்பக்கம், வெட்டிப்போட்ட நகம் மாதிரி ஒரு கீற்று. நான் வாயைத் திறக்கவில்லை. இவர் சொல்கிறாரா பார்ப்போம் என்று நின்றேன்.

"அதோ," என்று கையை நீட்டினார்.

விரலைத் தொடர்ந்து பார்த்தேன். விரல் போன இடம் தொட்டிக்கு நேர் மேலே. அங்கே வெறும் வானம்.

தையல்காரர் அந்தப் பக்கமெல்லாம் தேடிவிட்டு, "நம்ம கண்ணுக்கு எங்க தெரியப்போகுது" என்று சிரித்தபடி பள்ளிவாசலுக்குப் போன் போட இறங்கினார். என் கணவர் அங்கேயே நின்றார். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தார். பிறகு மறு கண்ணை. பிறகு முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, "போய்ச் சொல்லிட்டு வந்துடறேன்" என்றார்.

"நானும் வர்றேன்."

பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லப்போகிறார். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. வண்டியை விட்டுவிடக்கூடாது என்பதற்காக அல்லாஹ்வின் வீட்டில் போய்ப் பொய்ச் சாட்சி சொல்லப்போகிறார். தெருவில் அவருக்கு ஈடு கொடுத்து நடந்தபடியே கேட்டேன்.

"நிஜமாவே பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எந்தப் பக்கம்?"

அவர் கோபப்படவில்லை. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது. கோபப்பட்டிருந்தால் பழைய ஆள் என்று நிம்மதியாக இருந்திருப்பேன்.

மஃரிப் என்கிற அந்தித் தொழுகை முடிந்து, பள்ளிவாசல் அலுவலக அறையில் இமாமும் செயலாளரும் இன்னும் நாலைந்து பேரும் இருந்தார்கள். பள்ளிக்கூட நிர்வாகிதான் பள்ளிவாசலுக்கும் செயலாளர். நான் கதவோரம் நின்றேன்.

"வாங்க வாங்க, உங்களுக்குத்தான் காத்திருக்கோம்," என்று செயலாளர் மைக்கைப் பக்கத்தில் இழுத்தார். "வேற யாரு கண்ணுலயும் படலையாம்."

இமாம் வழக்கமான கேள்விகளைக் கேட்டார். "பிறையைப் பாத்தீங்களா?"

"பாத்தேன் ஹஸ்ரத்."

"முனை எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"மேல் பக்கம். வயிறு சூரியன் இறங்கின பக்கம்."

சரியான பதில்தான். ஆனால் அந்தி நேரத்து இளம்பிறையின் வயிறு என்றைக்குமே சூரியன் போன பக்கம்தான் இருக்கும். பார்க்காமலே சொல்லிவிடலாம். செயலாளர் மைக்கைத் தட்டிப் பார்த்தார்.

"கொஞ்சம் இருங்க," என்றார் என் கணவர். "ரெண்டு இருந்துச்சு."

அறையில் ஒரே சிரிப்பு. "அப்போ ரெட்டை நோன்பா?" என்று யாரோ கேட்டார். அவர் சிரிக்கவில்லை என்பது தெரிந்ததும் சிரிப்பு நின்றது.

"ரெண்டு மாசம் முன்ன ரஜபுப் பிறை பாக்கறப்போ ஓரம் கலங்கித் தெரிஞ்சுது. மூட்டம்னு நெனச்சேன். ஷஅபான் பிறைக்குப் பக்கத்துல நிழல் மாதிரி ஒண்ணு நின்னுச்சு. இன்னைக்கு சரியா ரெண்டு. ஒத்தக் கண்ணப் பொத்தினாலும் ரெண்டு. நான் எதைக் காமிச்சேன்னு எனக்கே தெரியல. வண்டியில சமாளிச்சுடலாம்னு இருந்தேன். இது அப்படியில்ல ஹஸ்ரத். என் கண்ணை நம்பி ஊரே நோன்பு வைக்குது. என் சாட்சி வேணாம்."

அவருக்குத் தெரிந்திருக்கிறது. மாதாமாதம் மாடியேறி, பிறையை வைத்தே தன் கண்ணைச் சோதித்துக்கொண்டு, என்னிடம் மூச்சு விடாமல் இருந்திருக்கிறார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

செயலாளர் எழுந்தே விட்டார். "ரெண்டு மாசமா இந்தக் கண்ணை வெச்சுக்கிட்டா பிள்ளைங்கள ஏத்திட்டுப் போனீங்க?"

"போன மாசமே நிறுத்திடணும்னு இருந்தேன். தூண்ல இடிச்சப்போ முடிவே பண்ணிட்டேன்." என் பக்கம் கையைக் காட்டினார். "மறுநாள் இவ வண்டியில வந்து ஏறிக்கிட்டா. மேடு, சைக்கிள், ஆளுன்னு ஒண்ணு விடாம சொன்னா. சரி, இவ கண்ணை வெச்சு ஓட்டிக்கலாம்னு ஓட்டினேன்."

கதவைப் பிடித்துக்கொண்டேன். பிள்ளைகளைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் தினமும் ஏறினேன். நிற்க இருந்த வண்டியை நான்தான் பதினைந்து நாள் ஓடவிட்டிருக்கிறேன்.

இமாம் என் பக்கம் திரும்பினார். "நீங்க மாடியில இருந்தீங்களாம்மா?"

"இருந்தேன் ஹஸ்ரத்."

"பாத்தீங்களா?"

"பாத்தேன். தண்ணித் தொட்டிக்கு வலப்பக்கம், ஒரு முழம் மேல. முனை மேல் பக்கம்." கதவை விட்டுவிட்டு ஓரடி முன்னே வந்தேன். "ஒண்ணுதான் இருந்துச்சு."

"மூட்டமான வானம். நம்பகமான ஒருத்தர் சொன்னாப் போதும்," என்று இமாம் செயலாளரிடம் தலையாட்டினார். ஒலிபெருக்கியில் ரமலான் பிறந்துவிட்ட செய்தி தெருவெல்லாம் போனது. வெளியே பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். அதில் எத்தனை குரல் எங்கள் வண்டியில் வருவது என்று எனக்குத் தெரியும்.

"கண்புரையாத்தான் இருக்கும். எடுத்துட்டா சரியாயிடும்," என்றார் இமாம், என் கணவரின் தோளைத் தட்டி. "நாளைக்கே டாக்டரைப் பாருங்க."

செயலாளர் மைக்கை அணைத்துவிட்டு, கையை நீட்டினார். என் கணவர் சட்டைப்பையிலிருந்து வேன் சாவியை எடுத்தார். குழல்விளக்கின் வெளிச்சம் நேராக அவர் முகத்தில் விழுந்தது. கையை நீட்டி, ஒரு நொடி தயங்கி, செயலாளரின் உள்ளங்கைக்கு ஒரு சாண் இடப்பக்கம் கொண்டுபோனார்.

'இன்னும் கொஞ்சம் வலப்பக்கம்' என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பதினைந்து நாள் பழக்கம். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அவர் பிடியை விட்டார். சாவி தரையில் விழுந்தது. அறையில் இருந்த எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.