ரப்பர் கையில் ஓடிய நாடி

என் அண்ணன் மகா புத்திசாலி. அதை அவனே சொல்வான். காட்டுக்குப் போகக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். அதனால் கிளம்புமுன், நாடியையும் இருப்பிடத்தையும் அம்மாவின் போனுக்குச் சொல்லும் எங்கள் கைப்பட்டைகளைக் கழற்றி, அம்மாவின் பட்டறையில் இருந்த இரண்டு ரப்பர் கைகளில் மாட்டினான். பழுது பார்த்த பட்டைகளைச் சோதிக்கும் கைகள் அவை. மனிதக் கையைப் போலவே சூடாக இருக்கும், நாடியும் துடிக்கும். வெளியூர் வேலைக்குப் போயிருந்த அம்மாவின் போனில் நாங்கள் இருவரும் நிமிடத்துக்கு எழுபத்திரண்டு துடிப்போடு வீட்டில் சமர்த்தாக இருந்தோம்.

நிஜத்தில் அவன் ஆற்றுக்கு அக்கரைக் காட்டில் வழுக்கி விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து கிடந்தான்; நான் பக்கத்தில். முதல்நாள் கணுக்கால் அளவே ஓடிய ஆறு, இரவு மழையில் மரங்களை உருட்டிக்கொண்டு போனது. போனுக்கு அங்கே சிக்னல் கிடையாது. அவன் உடம்பு அனலாய்க் கொதித்தது.

காலையில், காட்டைச் சுற்றி விலங்குகளைக் கணக்கெடுக்கும் பறக்கும் இயந்திரம் தலைக்கு மேலே வந்தது. மேல்சட்டையைச் சுழற்றிக் கத்தினேன். அது பாட்டுக்குப் போய்விட்டது.

"ஏன் தொண்டையக் கிழிச்சுக்கற? பட்டை இல்லாத உடம்பு அதுக்கு மானு, பன்னி மாதிரிதான். கணக்குல ரெண்டு கூட்டிக்கிட்டுப் போயிருக்கும்" என்றான் அண்ணன்.

"தெரியுதுல்ல? அப்புறம் எந்த அறிவுல கழட்டி வச்ச?"

அவன் அழுதுவிட்டான். அவனுக்குப் பதினெட்டு வயது; அவன் அழுது நான் பார்த்ததே இல்லை. அதுவரை கோபமாக இருந்தது பயமாகிவிட்டது. இன்னொரு நாள் இவன் தாங்க மாட்டான் என்று அப்போதுதான் புரிந்தது.

அந்த இயந்திரங்களை அம்மா பழுது பார்த்துத்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது. அசையாத விலங்கைக் கண்டால் அது தாழ இறங்கிப் படம் எடுக்கும் என்பது எனக்குத் தெரியும்.

"படத்தை யாரு பாப்பாங்க?" என்று கேட்டேன்.

"வனத்துறை ஆபீஸ்ல, மாசக் கடைசியில."

"சரி, மெஷினே விழுந்துட்டா?"

அவன் என்னைப் பார்த்தான். வலியோடு சிரித்தான். "விழுந்த எடத்துக்கு அம்மாவைத்தான் கூப்பிடுவாங்க."

மதியம் அது மறுபடி வந்தபோது பிணம் மாதிரிக் கிடந்தோம். எறும்பு காதுக்குள் போனது. அசையவில்லை. காற்று முகத்தில் அடிக்கும் அளவுக்கு இறங்கியதும் எட்டிப் பிடித்தேன். இறக்கை உள்ளங்கையைக் கிழித்தது. அடிவயிற்று மூடியைக் கட்டைவிரலால் தள்ளி பேட்டரியை உருவினேன். பட்டறையில் நூறு முறை செய்த வேலைதான்.

பொழுது சாய்வதற்குள் வனத்துறை ஆட்கள் இருவர் கயிறு கட்டி ஆற்றைத் தாண்டினார்கள். பின்னாலேயே, தலையில் கருவிப்பையோடு அம்மா.

"எவன் கைய வச்சான் என் மெஷின்ல?" என்று கத்திக்கொண்டே வந்தவள் எங்களைக் கண்டதும் நின்றுவிட்டாள். பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தாள். எங்களைப் பார்த்தாள். மறுபடி போனை. அதில் நாங்கள் இன்னும் சமர்த்தாகவே இருந்திருப்போம்.

ஓர் அறை விட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஆட்கள் அண்ணனின் காலுக்குக் கட்டை வைத்துக் கட்டினார்கள். அம்மா அவன் மணிக்கட்டை ஒரு கையிலும் என் மணிக்கட்டை மறு கையிலும் பிடித்துக்கொண்டு, உதடு அசைய நாடியை எண்ணத் தொடங்கினாள். ஆட்கள் அவனைத் தூக்கிக் கிளம்பிய பிறகும் எண்ணிக்கொண்டே கூட நடந்தாள்.