இருபத்திரண்டு ஜாக்கெட்

சத்யப்பிரியா டீச்சருக்குப் பிள்ளைகளை எண்ணத் தெரியவில்லை என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். படித்துவிட்டுப் பேப்பரைக் கிழித்துப் போட்டேன். கிழித்து என்ன ஆகப்போகிறது? அந்த அம்மாவைப் போல ஓயாமல் பிள்ளைகளை எண்ணிய ஒருவரை நான் பார்த்ததே இல்லை. எண்ணவிடாமல் அவர் வாயை அடைத்தவன் நான்தான். திங்கட்கிழமை சிதம்பரம் சப் கலெக்டர் ஆபீசில் விசாரணை. அங்கே போய் இதைச் சொல்ல வேண்டும், அந்த அம்மா மேல் விழுந்த பழியை இறக்கி வைக்க வேண்டும். எனக்கு மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

என் பெயர் செந்தமிழ்செல்வன். கடலூர்க்காரன். பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கயாக் என்கிற சின்னப் படகுகளில் ஏற்றி, கழிமுகத்திலும் கடலோரத்திலும் துடுப்பு போடக் கற்றுக்கொடுத்து, ஒரு ராத்திரி மணலில் கூடாரம் போட்டுத் தங்க வைத்து அனுப்புவதுதான் ஆறு வருஷமாக என் பிழைப்பு. கூட்டாளி நசீர், பரங்கிப்பேட்டைக்காரன். பிள்ளைகள் கயாக்கில் போனால் அவன் சாப்பாட்டுப் பாத்திரங்களோடு மோட்டார் படகில் வருவான். ஆறு வருஷத்தில் ஒரு பிள்ளைக்குக் காலில் சிப்பி கிழித்தது கிடையாது. அதில் எனக்கு மண்டைக்கனம் ஏறிப் போயிருந்தது.

எங்கள் எண்ணிக்கை முறை ஜாக்கெட்டை வைத்துத்தான். ஒவ்வொரு பிள்ளைக்கும் நம்பர் போட்ட மிதவை ஜாக்கெட் ஒன்று. கரையில் சவுக்குக் கழிகளுக்கு நடுவே கயிறு கட்டி, அதே நம்பர் போட்ட கொக்கிகள் தொங்கும். போகும்போது கொக்கி காலியாகும், வந்ததும் நிறையும். எல்லாக் கொக்கியும் நிறைந்தால் எல்லாப் பிள்ளையும் வந்தாயிற்று. தண்ணீரில் ஜாக்கெட்டைக் கழற்றக் கூடாது என்பது சட்டம். அதனால் ஜாக்கெட் வந்தால் பிள்ளை வந்த மாதிரி. இதை நான் பெருமையாக மற்ற ஊர்க்காரர்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

போன மாதம் பண்ருட்டிப் பக்கத்திலிருந்து ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இருபத்திரண்டு பேர் வந்தார்கள். கூட சயின்ஸ் டீச்சர் சத்யப்பிரியா. ஒல்லியான உருவம், முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கையில் அட்டெண்டன்ஸ் நோட்டை விடவே மாட்டார். தண்ணீரில் இறங்கி அரை மணி ஆகவில்லை, பெயர் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். பிள்ளைகள் ஒவ்வொன்றும் "பிரசன்ட் மிஸ்" என்று திரும்பிப் பார்க்கிறது. திரும்பினதில் ஒரு கயாக் ஆடிக் கவிழப் பார்த்தது. எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது.

"டீச்சர், இது என்ன கிளாஸ் ரூமா? தண்ணியில பேர் சொல்லிக் கூப்டாதீங்க. எண்றது எங்க வேல. நீங்க சும்மா வாங்க, அது போதும்" என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சர் முகம் சிவந்து, நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் விடியற்காலை சூரிய உதயம் பார்க்க முகத்துவாரத்துக்கு உள்பக்கம் இருக்கும் மணல் திட்டுக்குப் போனோம். தண்ணீர் வற்றினால் வெளியே தெரியும், ஏறினால் மூழ்கிவிடும் திட்டு. போகும் வழியில் பதினேழாம் நம்பர் பையன் வாந்தி எடுத்தான். அவனை நசீரின் படகுக்கு மாற்றி, படகில் இருந்த டீச்சரை அவன் இடத்தில் உட்கார வைத்தேன். நனைந்து நாறிய ஜாக்கெட்டைக் கழற்றிப் படகில் போட்டுவிட்டு அவன் ஓரமாகச் சுருண்டு கிடந்தான்.

திட்டில் சூரியனைப் பார்த்தார்கள், பொங்கல் சாப்பிட்டார்கள், நண்டைத் துரத்தினார்கள். அன்றைக்கு அமாவாசைக்கு மறுநாள். தண்ணீர் வேகமாக ஏறும். ஏழு மணிக்கெல்லாம் கிளம்பச் சொல்லி விரட்டினேன். கயாக்கில் ஏறும்போது டீச்சர் கேட்டார்:

"சார், ஒரே ஒரு தடவ பேர் கூப்ட்டுடறேனே. அந்தப் பையன் எங்க?"

"போட்ல வருவான். கரையில ஜாக்கெட்டப் பாத்துக்கலாம் டீச்சர். தண்ணி ஏறுது, ஏறுங்க."

டீச்சர் ஏறிக்கொண்டார்.

பையன் படகில் இல்லை. வயிற்றைக் கலக்கியிருக்கிறது. பக்கத்தில் இருந்தவனிடம் மட்டும் சொல்லிவிட்டு, வெட்கப்பட்டுக்கொண்டு மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒதுங்கப் போயிருக்கிறான். சொல்லிவிட்டுப் போனதை அந்தப் பிள்ளையும் கயாக்கில் ஏறுகிற அவசரத்தில் மறந்துவிட்டது. நசீர் பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு திரும்பிப் பார்த்தான், பையனைக் காணோம். உடம்பு தேறி, உபரி ஜாக்கெட் ஒன்றைப் போட்டுக்கொண்டு வேறு ஏதோ கயாக்கில் ஏறிவிட்டான் போல என்று நினைத்துக்கொண்டான். பிள்ளைகள் வழக்கமாக அப்படித்தான் செய்யும். படகில் கிடந்த உபரி ஜாக்கெட்டுகளோடு பதினேழையும் அள்ளிக் கரையில் போட்டான். அதைக் கொக்கியில் மாட்டியது நான். நானேதான். இந்தக் கையால்தான்.

இருபத்திரண்டு கொக்கியும் நிறைந்திருந்தன. "எல்லாம் வந்தாச்சு!" என்று கத்தினேன்.

பிள்ளைகள் குளித்து, உடை மாற்றி, கூடாரத்தைச் சுருட்டி, பையைக் கட்ட ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வேனில் எல்லாரும் ஏறியபிறகு டீச்சர் நோட்டைத் திறந்தார். இப்போது தண்ணீரில் இல்லையே, நான் தடுக்க முடியாதே. வேன் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"இளவரசு" என்றார். பதில் இல்லை. இன்னொரு தடவை கூப்பிட்டார். மூன்றாவது தடவை அது கூப்பிட்ட மாதிரியே இல்லை. பதினேழாம் நம்பர் பையனின் பெயர் இளவரசு என்று எனக்கு அப்போதுதான் தெரியும்.

நசீர் படகை விரட்டிய விரட்டில் எஞ்சின் புகைந்தது. திட்டு இருந்த இடத்தில் தண்ணீர்தான் இருந்தது. நடு மேட்டில் குதித்தேன். என் இடுப்புக்குத்தான் வந்தது. அவன் அந்த மேட்டிலேயே நின்றிருந்தால் போதும், நெஞ்சுக்கு மேல் வந்திருக்காது. நின்றால் போதும் என்று அவனுக்கு யார் சொல்வது? காடாம்புலியூரில் முந்திரித் தோப்பில் வளர்ந்த பிள்ளை. நான் தொண்டை கிழியக் கத்தினேன். கொஞ்ச நேரம் கழித்து நசீர் என் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"மச்சான், என்னா மச்சான் கத்துற நீ? பேரச் சொல்லிக் கூப்டு மச்சான்."

அதுவரை நான் "பதினேழு, பதினேழு" என்று கத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

சுரபுன்னைக் காட்டோரம் கையால் இறால் தடவிக்கொண்டிருந்த பட்டம்மாள் என்ற அம்மா எங்களைப் பார்த்துவிட்டு மெல்ல நடந்து வந்தார். காலையில் அவர் அவனைப் பார்த்திருக்கிறார்.

"ஒரு புள்ள தனியா நின்னு கைய ஆட்டிச்சி சாமி. ஆட்டத்துக்கு ஆட்டுதுன்னு நானும் ஆட்டுனேன். அப்பறம் உங்க போட்டு போன பக்கமா தண்ணியில எறங்கி நடந்துச்சி. ஆழம் தெரிஞ்ச புள்ளன்னு நெனச்சிட்டனே" என்று சொல்லி, தலையில் அடித்துக்கொண்டு தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலை முகத்துவாரத்தில் வலை போட்டவர்கள் அவனைக் கொண்டு வந்தார்கள். அதைப் பற்றி எழுத என்னால் ஆகாது.

மூன்று நாள் உள்ளே இருந்தேன். ஜாமீனில் எடுத்தவர் என் அக்கா வீட்டுக்காரர், வக்கீல் அருண்குமார். மாமா என் அலுவலகக் காகிதங்களையெல்லாம் துருவி, பள்ளிக்கூடம் கையெழுத்துப் போட்ட படிவத்தைக் கண்டுபிடித்தார். அதில் எட்டாவது வரி: மாணவர் எண்ணிக்கைக்கு உடன் வரும் ஆசிரியரே பொறுப்பு. யாரோ ஒருத்தர் படிவத்தைப் பார்த்து நான் காப்பி அடித்தது. அந்த வரியை நான் ஒழுங்காகப் படித்ததுகூட இல்லை.

"மாப்ள, இந்த ஒரு வரி போதும். நீ வாயத் தொறக்காத. கேஸ் அந்தம்மா பக்கம் போயிடும்" என்றார் மாமா.

"அது பொய் மாமா. அவுங்க கூப்ட வந்தாங்க. நான்தான் வேணாம்னேன்."

"அத யாரு சொல்லப் போறா? உனக்குப் பொண்டாட்டி புள்ள இருக்குது, ஞாபகம் வச்சிக்க."

இருபத்தோரு பிள்ளைகள் காதால் கேட்டிருக்கிறார்கள். ஆனால் பிள்ளைகளை விசாரணைக்கு அனுப்ப மாட்டோம் என்று பள்ளிக்கூடம் எழுதிக் கொடுத்துவிட்டது. டீச்சரை வேலையை விட்டும் நிறுத்தியாயிற்று. நசீர் அன்றிலிருந்து என் போனை எடுப்பதில்லை. சொல்வதற்கு என்னை விட்டால் ஆள் இல்லை.

திங்கட்கிழமை மாமா காரில் கூப்பிட்டும் ஏறாமல் பஸ்ஸில் சிதம்பரம் போனேன். அதிகாரி முன்னால் உட்கார்ந்து ஒன்று விடாமல் சொன்னேன். கிளாஸ் ரூமா என்று கேட்டது, திட்டில் பேர் கூப்பிட விடாமல் கயாக்கில் ஏறச் சொன்னது, கொக்கியில் மாட்டியது, எல்லாம் வந்தாச்சு என்று கத்தியது. சொல்லச் சொல்ல மூச்சு விட முடிந்தது. பத்து நாளில் முதல் தடவையாக.

அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு ஒரு தாளைப் புரட்டினார்.

"டீச்சர் காலையிலேயே வந்து எழுதிக் குடுத்துட்டாங்க. பேர் கூப்பிடாதது என் கவனக்குறைவு, யாரும் என்னைத் தடுக்கலன்னு. கையெழுத்தும் போட்டிருக்காங்க. உங்க படிவமும் அதத்தான் சொல்லுது. நீங்க அவுங்களக் காப்பாத்தறதுக்காக இப்படிப் பேசறீங்களா?"

இல்லை சார், இல்லை சார் என்று எத்தனை தடவை சொன்னேனோ தெரியாது. அவரும் எழுதிக்கொண்டார். எப்படி எழுதினார் என்பது அவர் குரலிலேயே தெரிந்தது. பரிதாபப்பட்டு ஒருவன் உளறுகிறான் என்று எழுதியிருப்பார்.

டீச்சர் வாசலுக்கு வெளியே பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தார். ஓடினேன்.

"ஏன் டீச்சர் பொய் எழுதிக் குடுத்தீங்க? தடுத்தது நான்தானே? உங்க வேல போச்சே."

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

"புள்ளைய எடுத்துட்டுப் போறதுக்கு இளவரசோட அம்மா வந்தாங்க இல்ல, ஆஸ்பத்திரிக்கு. என் கையப் புடிச்சிக்கிட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. நீ எண்ணலியா டீச்சர்னு. எண்ண வேணாம்னு ஒருத்தர் சத்தம் போட்டாரு, புள்ளைங்க சிரிச்சிதுங்க, எனக்கு வெட்கமாப் போச்சு, அதனால விட்டுட்டேன்னு அந்தம்மா மூஞ்சியப் பாத்து எப்படிங்க சொல்றது? அதுக்கு நான் மறந்துட்டேன்னு இருக்கறதே மேல்."

"நான் போயி அவுங்கம்மாகிட்டச் சொல்றேன். எல்லாத்தையும் சொல்லிடறேன்."

"சொல்லுங்க. உங்களுக்கு மனசு ஆறும். அந்தம்மாவுக்கு என்னா ஆறும்?"

பண்ருட்டி பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார். திரும்பிப் பார்க்கவில்லை.

மாமா சந்தோஷமாக இருக்கிறார். கேஸ் நிற்காது என்கிறார். என் பேச்சை நம்பாமல், டீச்சரின் பொய்யை நம்பி என்னை விடப்போகிறார்கள். ஆனாலும் இளவரசுவின் அம்மாவிடம் சொல்லத்தான் வேண்டும் என்று இரண்டு முறை காடாம்புலியூருக்கு டிக்கெட் எடுத்துப் போனேன். இரண்டு முறையும் ஊர் வந்தது, கண்டக்டர் விசில் ஊதினார், நான் சீட்டை விட்டு எழவில்லை. பஸ் நிற்கிற கடைசி ஊர் வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன்.