தள்ளிவிடச் சொன்ன கோடுகள்

கதை என்று ஒன்றை எழுதி அச்சுக்கு அனுப்பும் துணிச்சல் எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. கல்லூரியில் கற்ற தமிழைத் தவிர வேறு முதல் என்னிடம் இல்லை. பிழை கண்ட இடத்தில் பெரியோர்கள் பொறுத்தருள வேண்டுமென்று கைகூப்பிக் கேட்டுக்கொண்டு, ஞானசௌந்தரி என்னும் பெண்மணியின் கதையைத் தொடங்குகிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். கிழக்குத் தாம்பரத்தில், ரயில் பாதைக்குச் சற்றுத் தள்ளி, ஓட்டுக் கூரை வேய்ந்த பழைய பங்களா ஒன்றில் மூளை ஆய்வு மையம் ஒன்று இயங்கி வந்தது. அதன் பெருஞ்சொத்து ஒரே ஓர் இயந்திரம். தலையின் தோலில் சிறு வெள்ளி வில்லைகளை ஒட்டி, அவற்றின் கம்பிகளை அதில் செருகினால், மூளையில் எழும் நுண்ணிய மின்சாரத்தை அது பல்லாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும். ஓடும் தாளின்மேல் எட்டுப் பேனாக்கள் எட்டு அலைக்கோடுகளை வரையும். முதுகெலும்பின் வழியே காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுக்கும் முறையும் அந்நாளில் இருந்தது. அதற்கு ஆளானவர்கள் நாள்கணக்கில் தலைவலியால் துடித்தார்கள். இந்த இயந்திரமோ யாருக்கும் வலியைத் தரவில்லை.

ஞானசௌந்தரி பௌதிகத்தில் எம்.எஸ்ஸி. பட்டம் பெற்றவள். வெளி மருத்துவமனைகளிலிருந்தும் கல்லூரிகளிலிருந்தும் இயந்திரத்தைப் பயன்படுத்த வருவோருக்குத் துணை நிற்பது அவள் வேலை. எந்த வில்லை எங்கே ஒட்ட வேண்டும், அடைத்துக்கொண்ட பேனாவை எப்படிச் சரிசெய்ய வேண்டும், எந்தக் கோட்டை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்றெல்லாம் சலிக்காமல் சொல்லித் தருவாள். இயந்திரத்துக்கு நேரே சுவரில் புறநகர் ரயில் கால அட்டவணை தொங்கியது. புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். மின்ரயில் ஒன்று நிலையத்தை விட்டுக் கிளம்பியதும் எட்டுப் பேனாக்களும் நடுங்கிக் கோடுகள் தடித்துப் போவதைக் கண்ட பிறகு சிரிக்கமாட்டார்கள்.

அவள் பாடத்தில் இன்னொன்றும் உண்டு. நெற்றிக்கு மேலே ஒட்டும் இரண்டு வில்லைகளும் கண்விழியின் அசைவையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும். விழி புரண்டால் முதல் இரண்டு பேனாக்கள் துள்ளும். அது மூளை எழுதிய கோடு அல்ல. ஆகவே அந்த இடத்தில் சிவப்புப் பென்சிலால் 'கண், தள்ளுக' என்று குறிக்க வேண்டும். அவளிடம் பழகிய அத்தனை பேரும் அப்படித்தான் குறித்தார்கள். அதைப் பார்க்க அவளுக்குச் சற்றுப் பெருமையாகவும் இருக்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நகரத்து மருத்துவர் தோத்தாத்ரி வேன் ஒன்றில் நோயாளியை அழைத்து வந்தார். மேடவாக்கத்து விவசாயி, பெயர் ஜெயவேலு. இரண்டு மாதங்களுக்கு முன் வயல் கிணற்றின் மோட்டார் கொட்டகையில் வேலையாக இருந்தவர் அப்படியே சாய்ந்தாராம். அதன்பின் கையில்லை, காலில்லை, பேச்சில்லை. பாதி மூடிய இமைகளோடு கிடந்தார். மூக்கில் செருகிய குழாய் வழியாக உணவு போய்க்கொண்டிருந்தது. உடன் அவர் மனைவி சாமுண்டீஸ்வரியும் தம்பி சம்பந்தமும் வந்திருந்தார்கள்.

"எனக்கு ஒரே ஒரு விஷயம் தெரியணும், ஞானசௌந்தரி," என்றார் தோத்தாத்ரி. "உள்ளே ஆள் இருக்காரா இல்லையா? இல்லேன்னா நாளைக்குக் குழாயை எடுத்துட்டு வீட்டுக்கு அனுப்பிடறதா எல்லாரும் பேசி முடிவு பண்ணியாச்சு."

குழாயை எடுத்தால் என்ன ஆகும் என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

"ஆளு எங்க கீறாரு டாக்டரே?" என்றான் சம்பந்தம், கட்டிலின்மேல் கையை ஊன்றியபடி. "மூச்சு மட்டும்தான் வந்துகினு கீது. சாவு வுழுந்துட்டா ஒரு வருசம் நல்ல காரியம் எதுவும் பண்ணக்கூடாதேன்னு, இவரு பொண்ணு கண்ணாலத்தக் கூட போன வாரம் அவசர அவசரமா முட்ச்சிட்டோம். வூட்ல பந்தலு, மேளம். இவரு பக்கத்து ரூம்புல இப்டியேதான் கெடந்தாரு."

"வாயக் கழுவு கொழுந்தனாரே," என்றாள் சாமுண்டீஸ்வரி.

"நா இன்னா அண்ணி இல்லாததயா சொல்லிட்டேன்?"

ஞானசௌந்தரி தலையில் இடம் அளக்கத் தொடங்கினாள். விரல் வழுக்கியது. குளிர்ச்சிக்காக உச்சியில் அன்று காலைதான் விளக்கெண்ணெய் வைத்திருந்தார்கள்.

"ஏம்மா, எண்ணெய் வைக்காமல் கூட்டிவரச் சொல்லியிருந்தோமே?"

"வறண்ட தலையோட ஆம்பளய எப்டிம்மா வெளிய அனுப்பறது? பாக்கறவங்க இன்னா நெனைப்பாங்க?"

ஒவ்வோர் இடமாகப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து வில்லைகளை ஒட்டி முடிப்பதற்குள் மூன்று ரயில்கள் போய்விட்டன. பிறகு இயந்திரத்தை முடுக்கினாள்.

தாள் நகர்ந்தது. பின்தலையிலிருந்து வந்த கோடுகளில், விநாடிக்குச் சுமார் பத்தாக, ஒரே சீரான அலைகள் எழுந்து வந்தன. கண்மூடி விழித்திருக்கும் எந்த மனிதனும் எழுதக்கூடிய அலை அது. எத்தனையோ தலைகளில் கண்டிருந்தும், காலியாகிவிட்டது என்று வீட்டார் கைவிட்ட ஒரு தலையிலிருந்து அது வருவதைக் கண்டபோது ஞானசௌந்தரிக்கு மேனி சிலிர்த்தது. பூட்டிக் கிடக்கும் வீட்டின் சன்னலில் விளக்கு எரியக் கண்டவள்போல் நின்றாள்.

"அவசரப்படாதே," என்றார் தோத்தாத்ரி. "நினைவே திரும்பாத சில பேர்கிட்டயும் இந்த அலை வரும். சாவி கொடுத்த கடிகாரம் மாதிரி அது பாட்டுக்கு ஓடும். கூப்பிட்டா கலையணும். கலைஞ்சாத்தான் ஆள் இருக்கார்னு அர்த்தம்."

அவர் கைதட்டினார். அலை கலையவில்லை. நோயாளியின் கையைப் பற்றி, "கையை அழுத்துங்கோ" என்றார். ஒன்றுமில்லை. "ஜெயவேலு!" என்று உரக்கக் கூப்பிட்டார். அலை தன் போக்கில் போயிற்று.

"என் குரல் புதுசு. வீட்டு மனுஷா கூப்பிடட்டும். அம்மா, நீங்க பேர் சொல்லிக் கூப்பிடுங்கோ."

சாமுண்டீஸ்வரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தலையை ஆட்டினாள். "பேரா? நானா? ஐயோ, மாட்டேங்க."

"சரி, தம்பி நீ கூப்பிடு."

"அண்ணன எப்டி சார் பேரு சொல்லிக் கூப்புடறது?"

"இந்த மனுஷனுக்குப் பேர் வெச்சதே தண்டம்!" என்றார் தோத்தாத்ரி. "எப்படிக் கூப்பிடுவியோ அப்படியே கூப்பிடு."

"அண்ணே!" என்று சம்பந்தம் கத்தினான். எட்டுப் பேனாக்களும் ஒருசேரத் தடித்து நடுங்கின. தோத்தாத்ரி துள்ளி எழுந்தார்.

"பீச் ரயில் கிளம்புகிறது, டாக்டர்," என்றாள் ஞானசௌந்தரி தாழ்ந்த குரலில். அவர் உட்கார்ந்தார்.

ரயில் ஓய்ந்தது. சாமுண்டீஸ்வரி யாரும் சொல்லாமலே கட்டிலின் தலைமாட்டுக்கு வந்து, கணவன் காதருகே குனிந்தாள்.

"இந்தா மாமா. கெணத்து மோட்டாரு ஓடுது, தண்ணி ஏற மாட்டேங்குது. வால்வுல கோளாறா, பெல்ட்டு லூசாயிடுச்சா?"

பின்தலை அலை தேய்ந்து மறைந்தது. கூடவே முன்னிரண்டு பேனாக்கள் துள்ளின. ஞானசௌந்தரியின் கை பழக்கத்தால் தானாக நீண்டு, 'கண், தள்ளுக' என்று சிவப்பில் எழுதியது.

"அலை போச்சே!" என்றாள் அவள்.

"கண் புரண்டாலும் அலை போகும். நீ சொல்லித் தந்ததுதானே? இதை எடுத்துக்க முடியாது. இன்னொரு தரம் கேளுங்கோ அம்மா."

மறுபடி கேட்டாள். மறுபடி அலை மறைந்தது. முன் பேனாக்கள் துள்ளின. சிவப்புப் பென்சில் எழுதியது. தோத்தாத்ரி உதட்டைப் பிதுக்கினார்.

மூன்றாம் முறை கேட்டபோதும் முன் பேனாக்கள் துள்ளின; ஆனால் ஞானசௌந்தரியின் பென்சில் தாளுக்கு மேலேயே நின்றுவிட்டது. மடிந்து விழுந்திருந்த தாளை எடுத்துப் பின்னோக்கிப் புரட்டினாள். கைதட்டிய இடத்தில் சிவப்புக் குறி இல்லை. கையை அழுத்தச் சொன்ன இடத்திலும், பெயர் சொல்லி அழைத்த இடத்திலும் இல்லை. மனைவியின் கேள்வி முடிந்த இடங்களில் மட்டுமே இருந்தது. நினைவற்ற மனிதனின் விழி, ஒரு கேள்வி முடியும்வரை காத்திருந்து புரளுமா?

"டாக்டர், தவறாக எண்ணக்கூடாது. நான் தள்ளச் சொன்னதைத் தள்ளக்கூடாது என்று தோன்றுகிறது."

தாளை அவர் முன் விரித்தாள். தோத்தாத்ரி சிவப்புக் குறிகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு எழுந்துபோய், நோயாளியின் இமைகளை விரலால் மெல்ல உயர்த்தினார்.

"இதுவரைக்கும் எல்லாரும் கையை அழுத்துன்னுதான் சொல்லியிருக்கோம்," என்றார். "ஜெயவேலு, நான் பேசறது கேக்கறதுன்னா மேலே பாருங்கோ."

இரண்டு விழிகளும் மெதுவாக, பாரம் தூக்குவதுபோல், மேலே எழுந்தன. முன் பேனாக்கள் தாளின் விளிம்பு வரை துள்ளின.

சம்பந்தம் கட்டிலின்மேல் ஊன்றியிருந்த கையைச் சட்டென எடுத்துக்கொண்டான்.

தோத்தாத்ரி சாமுண்டீஸ்வரியிடம், "ஆமாம்னா மேலே பாக்கச் சொல்லிக் கேளுங்கோ" என்றார். அவள் எதைக் கேட்பது என்று யோசிக்கவே இல்லை.

"வால்வா மாமா?"

விழிகள் அசையவில்லை.

"அப்ப, பெல்ட்டா?"

விழிகள் எழுந்தன. பேனாக்கள் துள்ளின. தாள் நகரும் ஓசை மட்டும் கேட்டது. ஞானசௌந்தரி தன்னையறியாமல் எழுந்து நின்றாள். ஆலயத்தில் மட்டுமே அவள் அப்படி எழுந்து நிற்பது வழக்கம். அசையாத அந்த உடம்புக்குள் ஒரு மனிதன் முழுமையாக உட்கார்ந்து, கிணற்று மோட்டாரைப்பற்றி யோசித்துக்கொண்டிருந்தான். அவன் முதலில் எழுதி அனுப்பிய இரண்டு பதில்களின்மேலும் அவள் சிவப்பால் எழுதியிருந்தாள்.

சாமுண்டீஸ்வரி இன்னும் அருகே குனிந்தாள்.

"நம்ம பொண்ணு கண்ணாலத்தன்னிக்கு... மேளம் காதுல வுழுந்துதா மாமா?"

விழிகள் எழுந்தன. எழுந்தவை கீழே இறங்க வெகுநேரம் ஆயிற்று.

சம்பந்தம் வெளியே போய் வேனின் மறைவில் நின்று அழுதான். குழாயை யாரும் எடுக்கவில்லை. ஜெயவேலு அதன்பின் பல ஆண்டுகள் கண்ணாலேயே ஆமாம் சொல்லி வாழ்ந்தார். மூளைத்தண்டில் இரத்தக்குழாய் அடைபட்டால் இப்படி நேரக்கூடும் என்று தோத்தாத்ரி பிறகு வந்த மருத்துவர்களுக்கெல்லாம் விளக்கினார். மையத்துப் பாடத்திலும் ஞானசௌந்தரி ஒரு வரி சேர்த்தாள்: கண் அசைவைத் தள்ளுமுன், அது எப்போது அசைந்தது என்று பார்க்கவும்.

இழந்தவற்றையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு கைகள், இரண்டு கால்கள், பேச்சு. இனி உழ ஆளில்லை என்று விற்றுவிட்ட மாடு ஒரு ஜோடி. தண்ணீர் ஏறாமல் கருகிய ஒரு போகம். ஒரே மகளின் தலையில் அட்சதை போடும் பாக்கியம். அந்த இயந்திரத்தின் அருகே அதற்குமுன் படுத்தவர்களின் தாள்களில், 'தள்ளுக' என்று குறித்துப் பழைய காகிதமாக எடைக்குப் போட்ட கோடுகள். அவற்றில் எவை பதில்கள் என்று இனி அறிய வழியில்லை.