மழைக்கு மாடி, வெயிலுக்குத் தரை

ஏசி மெக்கானிக்கின் வீட்டில் ஏசி இல்லை. கொத்தனாரின் வீட்டில் நல்ல மழை பெய்தால் தண்ணீர் வாசப்படியைத் தாண்டி உள்ளே வந்து, கட்டிலுக்கு அடியில் செருப்பு மிதக்கும். இருவரும் கூடப் பிறந்தவர்கள். அம்மா போன பிறகு அப்பாவை யார் வைத்துக்கொள்வது என்ற பேச்சு வந்தபோது, மூன்றாம் மனுசன் யாரையும் கூப்பிடாமல் வானத்தை நடுவில் வைத்துத் தீர்த்துக்கொண்டார்கள்.

கேட்பவர்களுக்கு ஒப்பந்தம் ரொம்ப நியாயமாகத்தான் இருக்கும். கொத்தனார் அண்ணன் இருப்பது தரைத்தளம். வெயில் காலத்தில் வெறும் தரையில் படுத்தாலே போதும், மழை வந்தால் குளம். மெக்கானிக் தம்பி இருப்பது மூன்றாவது மாடி, அதற்கு மேல் மொட்டை மாடி, அதற்கும் மேல் சூரியன். மழைக்கு ஒரு சொட்டு இறங்காது, வெயிலுக்கு அடுப்பு. ஆகவே மழைக்கு மாடி, வெயிலுக்குத் தரை. நடுவில் வரும் குளிர் மாதங்கள் யார் கணக்கு என்பதில்தான் கொஞ்சம் இழுபறி. "மழைக்குப் பின்னாடி வர்றதுதானே? அது மழையோட வால்" என்று அண்ணி சொன்னாள். வாலும் தம்பி தலையில் விழுந்தது.

அப்பா முப்பத்திரண்டு வருடம் பஸ் நிலையத்தில் டைம்கீப்பராக இருந்தவர். விசில் ஊதி ஊதி எத்தனையோ பஸ்களைக் கிளப்பிவிட்டவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எனக்கும் ஒரு டிரிப் ஷீட் எழுதிக் குடுத்துடுங்கடா" என்றார். மகன்கள் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் சிரித்தாரா என்று யாரும் பார்க்கவில்லை.

இரண்டு வருடம் வண்டி ஒழுங்காக ஓடியது. அப்புறம்தான் சிக்கல். வானம் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை. வரவேண்டிய மழை ஒன்றரை மாதம் தள்ளி வந்தது. போகவேண்டிய வெயில் போகிறேன் போகிறேன் என்று சொல்லிவிட்டு விருந்தாளி மாதிரி உட்கார்ந்துகொண்டது. அப்பா பையைக் கட்டுவார், அவிழ்ப்பார். எது மழைக்காலம், எது வெயில்காலம் என்று அண்ணனும் தம்பியும் போனில் சண்டை பிடித்தார்கள். கடைசியில் சட்டம் போட்டார்கள். தண்ணீர் வாசப்படியைத் தாண்டினால் மழை. வீட்டுக்குள் முப்பத்தாறு டிகிரி மூன்று நாள் சேர்ந்தாற்போல் நின்றால் வெயில். இரண்டுக்கும் போட்டோ அனுப்ப வேண்டும்.

மெக்கானிக்கிடம் தொழிலுக்கு வாங்கிய தெர்மாமீட்டர் இருந்தது. ஊரான் வீட்டுக் குளிரை அளந்த கருவி, அவன் வீட்டில் அப்பாவை அனுப்பத் தேதி பார்த்தது. அண்ணன் அனுப்பும் ஈர வாசப்படி போட்டோக்களை அவன் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பான்.

"அண்ணே, இது பக்கெட் தண்ணி மாதிரி இருக்கே."

"ஏன்டா, உன் தெர்மாமீட்டரை நீ அடுப்பு மேல வெச்சு எடுக்கறதை நான் கேட்டேனா?"

இதையெல்லாம் சிரித்துக்கொண்டேதான் பேசுவார்கள். வீட்டில் வேடிக்கையான ஆள் என்று மெக்கானிக்குக்குப் பெயர். சிரிக்க வைத்துவிட்டால் அடுத்த கேள்வியை யாரும் கேட்கமாட்டார்கள் என்பது அவனுக்குச் சின்ன வயதிலேயே பிடிபட்டுவிட்ட வித்தை.

அடுத்த கேள்வி என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. அவன் கடையின் பின்பக்கம், பழைய கோணிக்கு அடியில், ஒரு ஏசி கிடந்தது. வீட்டை மாற்றிக்கொண்டு போன ஒரு வாடிக்கையாளர் வேண்டாம் என்று விட்டுப்போனது. அவனே பிரித்து, கழுவி, கேஸ் ஏற்றி, ஓட்டிப் பார்த்து வைத்திருந்தான். புதுசு தோற்றுப்போகும். அதை எடுத்துவந்து மாட்ட அரைநாள் வேலை. ஆனால் மாட்டினால் வீட்டில் வெயில் போய்விடும். வெயில் போனால் ஒப்பந்தம் போய்விடும். ஒப்பந்தம் போனால் அப்பா போகமாட்டார். இந்தக் கணக்கை அவன் ஒருநாளும் வாய்விட்டுப் போட்டதில்லை. கோணியை மட்டும் வருடத்துக்கு ஒருமுறை உதறிப் போர்த்துவான். வீடு ஒரு ஹாலும் ஒரு அறையும். அப்பா வந்தால் மகளின் அறை அவருக்கு. விடிகாலை நாலரைக்கு எழுந்து, "நாலு முப்பது" என்று யாருக்கென்று இல்லாமல் அறிவிப்பார். "பொண்டாட்டிக்குக் கஷ்டம்" என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்வான். பொண்டாட்டியிடம் கேட்டதில்லை.

இந்த வருடம் கோடையின் நட்டநடுவில் மழை கொட்டியது. சாயங்காலம் பிடித்தது மறுநாள் வரை விடவில்லை. அண்ணன் போட்டோ அனுப்பவில்லை, வீடியோவே அனுப்பினான். அதில் சோற்றுப்பானை ஒன்று தானாக அறை மாறியது. மழை கொஞ்சம் ஓய்ந்ததும் அப்பாவைப் பையோடு கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனான்.

"இது சீசன் மழை இல்லண்ணே."

"தண்ணிக்கு அது தெரியலடா. நேரா உள்ள வந்துடுச்சு."

மூன்றாம் நாள் வானம் துடைத்துவிட்டாற்போல் ஆனது. ஐந்தாம் நாள் தெர்மாமீட்டர் முப்பத்தெட்டு காட்டியது. ஆறாம் நாளும் ஏழாம் நாளும் அதேதான். மெக்கானிக் மூன்று போட்டோவையும் வரிசையாக அனுப்பினான். அண்ணனிடமிருந்து பதில் வந்தது: சுவர் ஈரம் இன்னும் காயவில்லை, அப்பாவுக்கு மூச்சு வாங்கும், ஒரு வாரம் பார்ப்போம். அண்ணன் சொன்னது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை. ஜன்னலைத் திறந்துவைத்தால் இரண்டு நாளில் காயும் ஈரம் அது.

சீசன் நேரம் என்பதால் மெக்கானிக் காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவான். ஊர் முழுக்க ஒவ்வொரு வீட்டிலும் ஸ்டூல் போட்டு ஏறி, "இப்ப பாருங்க, சில்லுனு வரும்" என்று சொல்லிவிட்டு இறங்குவான். அப்படி ஒரு ஸ்டூலின் மேல் நிற்கும்போதுதான் மனைவி போன் செய்தாள்.

"மாமா விழுந்துட்டாங்க. குளிச்சுட்டு வெளிய வந்தவங்க அப்படியே சரிஞ்சுட்டாங்க. பக்கத்து வீட்டு ஆட்டோவுல கிளினிக் கூட்டிட்டு வந்திருக்கேன். பேச்சு இருக்கு. நீங்க வாங்க."

டாக்டர் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கிறது, சூடு ஏறியிருக்கிறது, குளிர்ச்சியான இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். பிறகு அவன் சட்டைப்பையில் இருந்த ஏசி கம்பெனி பெயரைப் பார்த்து, "நீங்க ஏசி மெக்கானிக்கா? அப்ப கவலையே இல்ல" என்றார். மெக்கானிக்குக்கு வழக்கமாக வரும் ஜோக் எதுவும் வரவில்லை.

வெளியே வந்ததும் மனைவி சொன்னாள். "கடையில கோணிக்கு அடியில இருக்கறதை எடுத்துட்டு வாங்க."

"எதை?"

"எதையா?" அவள் அவனைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. "போன வருஷம் சாப்பாடு கொண்டுவந்தப்பவே பார்த்தேன். நீங்களா மாட்டுவீங்கன்னு இருந்தேன்."

"உனக்குத்தான் கஷ்டமா இருக்கும்னு..."

"நானா வேணாம்னேன்? என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? உங்க அப்பாவை அனுப்பறதுக்கு என் பேரு ஒரு சாக்கு."

அன்று மத்தியானமே மாட்டினான். மகளின் அறையில், கட்டிலுக்கு எதிர்ச் சுவரில். அப்பா படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். மூடியைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்தபோது, அதன் உள்பக்கம் அவர் கண்ணுக்கு நேராக நின்றது. அவன் கைப்பட எழுதி ஒட்டிய டேப்: "கேஸ் ஃபுல், ஓகே", கீழே தேதி. தேதியைப் பார்த்தால் படிக்காமல் இருக்க முடியாத மனுசன் அவர்.

"மூணு வருஷம் ரெண்டு மாசம்" என்றார்.

ஸ்க்ரூவை முறுக்கிக்கொண்டிருந்தவன் திரும்பவில்லை. "என்னப்பா?"

"ஒண்ணுமில்ல. வேலையைப் பாரு. ஸ்டூல் ஆடுது, பார்த்து நில்லு."

ஏசி ஓடியது. சத்தமே இல்லை. அப்பா போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு தூங்கினார். இரண்டு நாள் அப்படித் தூங்கினார். நாலு முப்பது யாருக்கும் தெரியாமல் வந்து போனது. மகள் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுக்கொண்டு, "தாத்தா குறட்டை விட்டா ஏசியே நின்னு கேக்குது" என்றாள்.

மூன்றாம் நாள் அண்ணன் பார்க்க வந்தான். அறைக்குள் நுழைந்தவன் முதலில் அப்பாவைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தான். முகம் மலர்ந்தது.

"நல்ல காரியம்டா தம்பி. இனிமே அப்பா அங்கயும் இங்கயும் அலைய வேண்டாம் பாரு."

"நீ வாசப்படியை ரெண்டு செங்கல் உசத்தியிருந்தா அப்பவே அலைஞ்சிருக்க மாட்டாரு."

"உசத்தலாம்னுதான் இருந்தேன். மழை விட்டாத்தானே?"

"இப்ப வெயில்தான் அடிக்குது."

"இந்த வெயில்ல பூசினா வெடிச்சுடும்டா. உனக்கென்ன தெரியும் எங்க தொழில்."

மெக்கானிக் சிரித்தான். அண்ணனும் சிரித்தான். இருவருக்கும் ஒருவரை ஒருவர் நன்றாகத் தெரிந்தது, அதனால் சிரிப்பு சீக்கிரம் முடிந்தது.

அப்பா எழுந்து உட்கார்ந்தார். "எனக்கு இந்தக் குளிரு ஒத்துக்கல" என்றார்.

அண்ணனும் தம்பியும் ஒரே நேரத்தில் ஏசியைப் பார்த்தார்கள்.

"ராத்திரியெல்லாம் முட்டி குடையுது. சளி பிடிக்கற மாதிரி இருக்கு. ஏசியெல்லாம் நமக்குப் பழக்கமில்ல. சுவரு காஞ்சுடுச்சுன்னா நான் பெரியவன் வீட்டுக்கே..."

"சரிப்பா" என்றான் மெக்கானிக்.

அப்பா அந்த வாக்கியத்தை முடித்திருக்கவில்லை. இன்னும் இரண்டு வார்த்தை பாக்கி இருந்தது. அதற்கு முன்பே அது அவன் வாயிலிருந்து வந்துவிட்டது. வாசலில் தண்ணீர்ச் செம்போடு நின்ற மனைவி செம்பை அங்கேயே தரையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். முட்டி குடைந்த ஆள் இரண்டு நாளும் எப்படித் தூங்கினார் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பதும் தெரியும். மூன்று வருடமாக மகன் சொல்லமுடியாமல் வைத்திருந்ததை, பாவம் பிள்ளை கஷ்டப்படுகிறானே என்று அவரே சொல்லிக் கொடுத்துவிட்டார். கொஞ்சம் யோசிப்பதுபோல் நடித்திருக்கலாம். "அதெல்லாம் பழகிடும், இருங்கப்பா" என்று ஒரு பேச்சுக்காவது சொல்லியிருக்கலாம். ஜோக் அடிப்பவனுக்கு நேரம் முக்கியம், எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியவேண்டும் என்பான் அவனே.

அண்ணன் நகத்தைப் பார்த்துக்கொண்டு, "சுவரு... காஞ்சுதான் இருக்கு" என்றான்.

சாயங்காலம் மெக்கானிக்கே ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டான். அப்பா பின்னால் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அனல் காற்று. பாதி வழியில், "நல்ல மெஷின்டா அது. சத்தமே இல்ல" என்றார். பிறகு அதைச் சொல்லியிருக்கக்கூடாது என்று தோன்றியதோ என்னவோ, "எனக்குத்தான் ஒத்துக்கல" என்று சேர்த்துக்கொண்டார். அவன் ஹாரன் அடித்தான். எதிரே யாரும் இல்லை.

திரும்பி வந்தபோது அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. மகள் கட்டிலில் கால் நீட்டிப் படுத்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தாத்தா எப்ப வருவாங்கப்பா?"

"மழை வந்ததும் வருவாரு."

அவள் போனில் எதையோ தள்ளிப் பார்த்தாள். "நாளைக்கே மழைன்னு போட்டிருக்கு."

"அதெல்லாம் தப்பாத்தான் போடும்" என்றான் அவன்.